ஆயா என்றால் யார்?

போன தவணை ஒரு குழு வேலைக்காக நாங்கள் ஐந்து பேர் விடுதி அறையில் இருந்து சிறுகதைகள் வாசித்துக்கொண்டிருந்தோம். சென்னைப் பக்கத்துக் கதை ஒன்று. ஒரு சின்னப் பெடியன் தன்ர ஆயா செத்துப்போன நாளைப் பற்றிச் சொல்லுகிறான். எங்களில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒருத்தி பாதியில் நிறுத்தி, "வேலைக்காரி செத்ததுக்கு இவன் ஏன் இவ்வளவு அழுறான்?" என்று கேட்டாள். சென்னையில் ஆயா என்றால் அம்மம்மா, அப்பம்மா என்று இன்னொருத்தன் விளக்கம் சொல்ல வெளிக்கிட்டான். அதற்குள் ஹற்றன் பக்கத்துத் தோழி புத்தகத்தை மூடிவிட்டாள். "எங்க அம்மாயி ஆயாதான். புள்ளக்காம்பரா ஆயா. முப்பது வருசம். அவங்கள யாரும் வேலைக்காரின்னு சொன்னதில்ல."

கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டு, தேத்தண்ணி குடித்து, எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அந்தச் சொல் எங்களை விடவில்லை. மூன்று பேர், மூன்று ஆயா. ஒருத்திக்கு வீட்டில் வேலைக்கு நிற்கிற பொம்பிளை, ஒருத்தனுக்குப் பாட்டி, ஒருத்திக்கு ஒரு லயத்தின் முழுப் பிள்ளைகளையும் தூக்கி வளர்த்த மனுசி. எது உண்மையான ஆயா? தேடிக்கொண்டு போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். குழு வேலையை வேறு தலைப்பில் அவசரமாக முடித்துக் கொடுத்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் கிடைத்த பதில் எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆயா தமிழே இல்லை என்றது அது. யூல், பர்னல் என்ற இரண்டு பிரித்தானியர் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் என்ற அகராதி, இந்தச் சொல் இந்திய மொழிகள் பலவற்றிலும் புகுந்துவிட்டாலும் பிறப்பால் போர்த்துக்கேயச் சொல் என்கிறது. போர்த்துக்கேயத்தில் 'அயா' என்றால் பெரிய இடத்துப் பிள்ளைகளை வளர்க்கிற, பழக்குகிற பெண். அதே வேலையைச் செய்கிற ஆண் 'அயோ'. இன்னும் பின்னால் போனால் லத்தீனில் 'அவியா' என்ற சொல்லில் கொண்டுபோய் விடுகிறார்கள். அவியா என்றால் பாட்டி.

இதை வாசித்தபோது சென்னைக்கதைக்கு விளக்கம் சொன்னவன் மேசையில் தட்டினான். "பாத்தீங்களா, பாட்டிதான்!" அவசரப்படக் கூடாது. சென்னையிலும் செட்டிநாட்டிலும் பாட்டியை ஆயா என்று கூப்பிடுகிறவர்கள் லத்தீனிலிருந்து அதை எடுக்கவில்லை. தமிழில் 'ஆய்' என்றால் தாய். சங்ககாலத் தமிழில் என் தாய் 'யாய்', உன் தாய் 'ஞாய்', அவன் தாய் அல்லது அவள் தாய்தான் 'தாய்'. நாங்கள் இன்றைக்கு எல்லாருடைய அம்மாவுக்கும் பாவிக்கிற 'தாய்' என்ற சொல், ஒரு காலத்தில் மற்றவர்களின் அம்மாவுக்கு மட்டும் உரியது. எங்கட சொந்த அம்மாவுக்கான சொல்லைத் தொலைத்துவிட்டு அடுத்தவன் அம்மாவின் சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். (இப்போது குழந்தை மொழியில் 'ஆய்' என்றால் என்னவென்று தமிழ்நாட்டுச் சினிமா பார்க்கிறவர்களுக்குத் தெரியும். சொற்களின் விதி அப்படி.)

ஆகவே எங்கட முடிவு இதுதான். இரண்டு ஆயாக்கள் இருந்தார்கள். ஒருத்தி 'ஆய்' வழியாக வந்த உறவுப் பெயர். மற்றவள் கப்பலில் வந்த தொழிற் பெயர். ஏன் தொழிற் பெயர் வெளியிலிருந்து வந்தது என்று சொல்லுகிறோம் என்றால், சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கிற பெண் என்ற அதே கருத்தோடு அந்தச் சொல் ஹிந்தியிலும் வங்காளத்திலும் சிங்களத்திலும் இருக்கிறது. அந்த மொழிகளில் 'ஆய்' என்ற தமிழ்த் தாயைத் தேடிப் பயனில்லை. அந்த இடங்களுக்கெல்லாம் பொதுவாகப் போய் வந்தவர்கள் ஐரோப்பியர். ஆனால் தமிழன் காதுக்கு அந்தச் சொல் அந்நியமாகக் கேட்டிருக்காது. ஏற்கெனவே வீட்டில் இருந்த ஒரு சொல்லின் சாயல் அதற்கு இருந்தது. கதிரை, சப்பாத்து, குசினி, பாண் எல்லாம் போர்த்துக்கேயம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது நம்பினோம். ஆயாவைச் சொன்னால் இன்றைக்கும் பலர் நம்பமாட்டார்கள்.

போர்த்துக்கேயர் 1505இல் வந்தார்கள், 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தரிடம் எல்லாவற்றையும் இழந்தார்கள். இது எங்கள் எல்லாருக்கும் பாடப்புத்தகத்தில் இருந்தது. அதில் இல்லாத ஒரு விசயம், அவர்கள் போன பிறகும் அவர்களின் மொழி போகவில்லை என்பது. ஒல்லாந்தர் வீடுகளில் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த பெண்கள், அவர்களில் பலர் அடிமைகள், போர்த்துக்கேயம் கலந்த ஒரு மொழியைத்தான் பேசினார்கள். அதனால் ஒல்லாந்தப் பிள்ளைகளின் வாயிலும் முதலில் அதுவே வந்தது. அதிகாரிகள் இதைத் தடுக்கப் படாத பாடு பட்டார்கள். கோட்டை, பீரங்கி, சட்டம் எல்லாம் கையில் இருந்தும் தொட்டிலடியில் பேசப்பட்ட மொழியை அவர்களால் வெல்ல முடியவில்லை. மட்டக்களப்பில் பறங்கியர் சிலரிடம் அந்த மொழியின் மிச்சம் இன்றும் இருக்கிறது. ஆயா என்ற பெண்ணுக்கு வரலாற்றில் எவ்வளவு பலம் இருந்தது என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த நல்ல சாட்சி இதுதான். அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

பெயர் இல்லாமல் போவது இந்தத் தொழிலின் கூடப் பிறந்தது போலிருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் ஊருக்குத் திரும்பும் துரைக் குடும்பங்கள் கப்பலில் பிள்ளைகளைப் பார்க்க ஆயாக்களைக் கூட்டிப் போனார்கள். வாரக்கணக்கில் கடல். துரைசாணி சத்தி எடுத்துக்கொண்டு படுத்திருக்க, பிள்ளைகளோடு தளத்தில் நிற்பவள் ஆயா. லண்டன் போய்ச் சேர்ந்ததும், சிலரைத் திருப்பி அனுப்பக் காசு கொடுக்காமல் அப்படியே விட்டார்கள். இப்படிக் கைவிடப்பட்டவர்களுக்காகவும் திரும்பிப்போக அடுத்த குடும்பத்துக்குக் காத்திருந்தவர்களுக்காகவும் லண்டனின் ஓல்ட்கேட் பகுதியில் ஒரு 'ஆயாக்கள் இல்லம்' இருந்தது. 1900இல் அது ஹக்னி பகுதியில் கிங் எட்வேர்ட்ஸ் வீதி 26ஆம் இலக்கத்துக்கு மாறியது, 1921இல் அதே வீதியின் 4ஆம் இலக்கத்துக்கு. சீனாவிலிருந்து வந்த 'அமா'க்களும் அங்கே தங்கினார்கள். அமா என்ற சொல்லும் பிள்ளை வளர்ப்பவளைக் குறிக்கிற போர்த்துக்கேயச் சொல்தான். கப்பல் பதிவுகளில் இந்தப் பெண்களுக்குப் பெரும்பாலும் சொந்தப் பெயர் இல்லை. இன்ன துரைசாணியின் ஆயா, அவ்வளவுதான். 2022இல் அந்த வீட்டுச் சுவரில் நீல நிற நினைவுப் பலகை ஒன்று பதித்தார்கள். ஒரு கட்டடத்துக்குப் பலகை வைக்கலாம், பெயர்களை எங்கே போய்த் தேடுவது?

தமிழில் இந்த வேலைக்கு முன்பே ஒரு சொல் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது, நல்ல மரியாதையான சொல். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். அகப்பாடல்களில் மகள் காதலனோடு போய்விட்டால் பாலைவழியில் தேடிக்கொண்டு போகிறவள் செவிலி. தலைவியின் தோழி இந்தச் செவிலியின் மகள். பழைய உரைகளில் ஐவகைத் தாயர் என்றுகூட ஒரு கணக்கு வரும்: ஆட்டுவாள், ஊட்டுவாள், ஓலுறுத்துவாள், நொடி பயிற்றுவாள், கைத்தாய். குளிப்பாட்ட ஒருத்தி, சோறூட்ட ஒருத்தி, தாலாட்ட ஒருத்தி, கதை சொல்ல ஒருத்தி, கையில் வைத்திருக்க ஒருத்தி. இது வசதியான வீட்டுக் கணக்கு என்பது சொல்லாமலே தெரியும். அந்த ஐந்து பேரின் சொந்தப் பிள்ளைகளை யார் பார்த்தார்கள் என்று எந்த உரையாசிரியரும் எழுதவில்லை.

செவிலி பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். தமிழ்நாட்டில் நர்ஸ் என்றால் செவிலியர். எங்கட நாட்டில் தாதியர். இந்தச் சொல் வித்தியாசத்தை வைத்து எத்தனையோ பகிடி விட்டிருக்கிறோம், ஆனால் தாதியும் அதே இடத்திலிருந்துதான் வந்தவள். சமஸ்கிருதத்தில் 'தாத்ரி', பாளியில் 'தாதி', இரண்டுக்கும் பால் கொடுத்து வளர்ப்பவள் என்று பொருள். நர்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லும் ஊட்டி வளர்ப்பது என்ற லத்தீன் சொல்லின் பிள்ளை. செவிலி, தாதி, நர்ஸ் மூன்று பேரும் தொட்டிலடியிலிருந்து எழும்பி வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு போனவர்கள். அவர்களுக்குப் பயிற்சி, பதவி, ஓய்வூதியம் கிடைத்தது. அவர்கள் விட்டுப்போன தொட்டிலடியில் நின்றவள் ஆயா.

தோட்டத்துக்கு வருவோம். பிள்ளைக்காம்பரா என்ற சொல்லைத் தோழி சொன்னபோது எங்களில் இரண்டு பேருக்கு அது விளங்கவில்லை. மலையகத்துக்கு வெளியில் பிறந்த பலருக்கு விளங்காது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். சில தோட்டங்களில் பிள்ளைமடுவம் என்பார்கள். காம்பரா என்றால் அறை, லயத்தில் ஒரு குடும்பம் இருக்கிற பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கும் அதே பெயர்தான். இதுவும் போர்த்துக்கேயம், 'காமரா'. போர்த்துக்கேயர் கண்டி மலைகளைக் கடைசிவரைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவர்களின் சொல் சிங்களம் வழியாக மலை ஏறி, அவர்கள் கண்ணாலும் காணாத தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நாங்கள் படம் எடுக்கிற கமராவும் இதே வேர். இருட்டறை என்ற லத்தீன் பெயரில் பாதி அது. மடுவம் சிங்களம். லயம் ஆங்கிலம். பிள்ளை மட்டும் தமிழ்.

பிள்ளைக்காம்பரா ஏன் வந்தது? பிள்ளைகள் மேல் இரக்கத்தால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டு, அடுத்த இருபது வருடங்களில் கோப்பி அழிந்து, தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவம் உண்டு, தேயிலைக்கு இல்லை. வருடம் முழுக்கக் கொழுந்து வரும், வருடம் முழுக்க ஆட்கள் அங்கேயே இருக்க வேண்டும். கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை என்று ஆக்கினார்கள். பிள்ளை பெற்றவள் வீட்டில் இருந்தால் மலையில் கொழுந்து முற்றிவிடும். ஆகவே பிள்ளைக்கு ஒரு இடம் வேண்டும், அதற்கு ஒரு ஆள் வேண்டும். பழைய காலத்தில் அந்த ஆள் பெரும்பாலும் மலை ஏற ஏலாத ஒரு வயசாளி. கூடை சுமந்து முதுகு போன பிறகு அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஆயா வேலை. பாட்டியை ஆயா ஆக்கினார்கள் என்றும் சொல்லலாம், லத்தீன்காரன் சரியாகத்தான் இருந்திருக்கிறான்.

தோழியின் அம்மாயியோடு நாங்கள் ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்தோம். அவர் சொன்னதில் பாதி சிரிப்பு, பாதி இருமல். விடிய எழும்பிப் பிள்ளைக்காம்பராவைக் கூட்டி, அடுப்பு மூட்டித் தண்ணி கொதிக்க வைத்துவிட வேண்டும். பெரட்டுக்கு முதல் தாய்மார் ஓடி வந்து பிள்ளைகளைத் தந்துவிட்டு ஓடுவார்கள். கூரைச் சலாகையில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். ஒவ்வொருத்தியும் தன் பழைய சேலையைக் கொண்டு வந்துதான் கட்டுவாள், தாயின் மணம் இருந்தால் பிள்ளை தூங்கும் என்று. மழை நாளில் எல்லாத் தொட்டிலும் ஒரே நேரத்தில் அழும். "ரெண்டு கையி, ரெண்டு காலு. நாலு தொட்டில ஆட்டலாம். அஞ்சாவது அழுதா பாட்டுத்தான்."

பால் கொடுக்கத் தாய்மார் மலையிலிருந்து இறங்கி வருவதைப் பற்றிக் கேட்டோம். இதற்குச் சட்டம் இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்னால் வந்த திருத்தங்களும், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தொழிலாளிக்கு நாளுக்கு இரண்டு தரம் பாலூட்ட இடைவேளை கொடுக்கச் சொல்லுகின்றன. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல். கடதாசியில் நல்ல சட்டம். ஆனால் தூர மலையில் நிற்கிறவளுக்கு இறங்கி வரவே அரை மணித்தியாலம் வேண்டும். அந்த நேரத்தில் பறிக்காத கொழுந்துக்குக் கணக்கு வேறு. சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அம்மாயி இதை இப்படிச் சொன்னார்: "வருவா, குடுப்பா, ஓடுவா. சில நாளு வரமாட்டா. அன்னைக்கி அரைப்பேர் விழும்னு பயம். மாரு கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டே கொழுந்து எடுப்பா." இதற்குப் பிறகு ஒருத்தரும் கேள்வி கேட்கவில்லை. அவரே வேறு கதைக்குப் போனார்.

இப்போது பெயர்கள் மாறிவிட்டன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போய், அந்தக் காலங்களில் பிள்ளைக்காம்பராக்களைத் திருத்துகிற வேலைகளும் நடந்தன. இன்றைக்குப் பெயர்ப்பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று இருக்கும். உள்ளே இருப்பவர் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், பயிற்சி பெற்ற இளம் பெண். சுவரில் படங்கள், சின்னக் கதிரைகள். இது நல்ல மாற்றம், இதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் தாயிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் புள்ளக்காம்பராவுக்கு என்றுதான் சொல்லுவார். பழைய பெயரை வைத்திருப்பதா, விடுவதா என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. காம்பரா என்ற சொல்லில் லயத்தின் புழுக்கம் இருக்கிறது, அது போகட்டும் என்று ஒரு பக்கம். அந்தச் சொல் போனால் அதற்குள் இருந்த மனிசிகளும் போய்விடுவார்கள் என்று மற்றப் பக்கம். தோழி இரண்டு பக்கமும் சேரவில்லை. சம்பளத்தைக் கூட்டினால் எந்தப் பேராலும் கூப்பிடலாம் என்றாள்.

யாழ்ப்பாணத்து, கொழும்பு வீடுகளில் நின்ற ஆயாக்களின் கதையையும் விட முடியாது. ஏனென்றால் அவர்களில் எத்தனையோ பேர் இதே மலையிலிருந்து வந்தவர்கள். பிள்ளைக்காம்பராவில் தொட்டிலில் கிடந்தவள் பத்துப் பன்னிரண்டு வயதில் இன்னொரு வீட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். பிள்ளை பார்க்கிற பிள்ளை. 'எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி' என்று சொல்லுவார்கள். அந்த 'மாதிரி'யில்தான் பள்ளிக்கூடம் இல்லை, விளையாட்டு இல்லை, சம்பளம் தகப்பன் கையில். எங்களில் இரண்டு பேரின் வீட்டுப் பழைய அல்பங்களில், பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால், பாதி முகம் மட்டும் தெரிகிற ஒரு பிள்ளை நிற்கிறாள். பெயர் கேட்டோம். ஒரு வீட்டில் ஞாபகம் இருந்தது, மற்ற வீட்டில் இல்லை. 2021இல்தான் வேலைக்கு வைக்கும் குறைந்த வயதை 14இலிருந்து 16 ஆக்கினார்கள்.

இப்போது ஆயா வேலைக்குக் கடல் கடந்து போகிறார்கள், பெயர் பணிப்பெண். 2013இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது, மூத்த பிள்ளை என்றால் பார்க்க ஆள் இருப்பதைக் காட்ட வேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் போனதும் ஐந்து இரண்டாகக் குறைந்தது. பிள்ளை வளர்ப்பைப் பற்றிய புது ஞானம் ஒன்றும் அந்த வருடம் பிறக்கவில்லை, நாட்டுக்குக் காசு தேவைப்பட்டது, அவ்வளவுதான். தகப்பன்மாரிடம் எந்த வருடமும் ஒருத்தரும் அப்படியொரு அறிக்கை கேட்கவில்லை. தாய் போன வீட்டில் பிள்ளையைப் பார்ப்பது யார் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். அம்மம்மா.

யாழ்ப்பாணத் தோழிக்கு ஒரு சந்தேகம் கடைசிவரை இருந்தது. ஆயா என்று சொல்லாமல் ஏன் ஆயம்மா என்று சொல்லுகிறோம்? சிங்களத்திலும் ஆயம்மாதான். எங்களுக்குத் தோன்றுவது இதுதான்: தொழிலின் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட ஒரு பிள்ளையின் வாய்க்கு வரவில்லை. பெரியவர்கள் வேலைக்கு வைத்த பெயரோடு பிள்ளைகள் தாங்களே ஒரு அம்மாவை ஒட்டிக்கொண்டார்கள். இதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை, ஆனால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்க விருப்பமாயிருக்கிறது.

அம்மாயியிடம் நாங்கள் கடைசியாகக் கேட்டது, வளர்த்த பிள்ளைகளை இப்போது கண்டால் அடையாளம் தெரியுமா என்று. மூஞ்சி எல்லாம் மறந்துபோச்சு என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, போன தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து ஒருத்தன் வந்து வாசலில் நின்றான், மீசையெல்லாம் வைத்து, யாரென்று தெரியவில்லை என்றார். அவன் தன் பெயரைச் சொன்னான், தெரியவில்லை. தகப்பன் பெயரைச் சொன்னான், அந்தப் பெயரில் தோட்டத்தில் நாலு பேர். பிறகு அவன் அம்மாவின் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

"அப்பத்தான் பிடிபட்டுச்சு. பச்ச சேல, மஞ்சக்கர. சன்னலுக்குப் பக்கத்துல மூணாவது தொட்டி."